பூ வண்டி, தேர்வு அட்டவணை, சாயத் தொட்டி: குவாண்டம் சாயல் கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை வட்டாரத்தில் வண்டி வழி, ஆள் ஷிஃப்ட், தேர்வு அட்டவணை என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கும், இதையே இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக எடுத்திருக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் இந்தப் பக்கம். குவாண்டம்-இன்ஸ்பயர்ட் என்று சொல்லப்படுவதை இங்கே குவாண்டம் சாயல் என்று எழுதுகிறோம்.

குவாண்டம் கணினி இல்லாமலே குவாண்டம் கணிப்பு செய்யலாம் என்கிறார்களே, உண்மையா?

குவாண்டம் கணிப்பு செய்ய முடியாது. அதன் சாயலில் அமைந்த கணக்கை உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம்.

இயற்பியலில் ஐசிங் மாதிரி என்று ஒன்று உண்டு. மேல் அல்லது கீழ் என்று இரண்டே திசை பார்க்கும் குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் நிற்கும். மொத்த ஆற்றல் எந்த அமைப்பில் மிகக் குறைவு என்பதுதான் கேள்வி. வண்டி வழியையும் அட்டவணையையும் இந்தக் காந்தக் கணக்காக மாற்றி எழுத முடியும். குவாண்டம் விளைவைக் கொண்டு அந்தக் குறைந்த ஆற்றலைத் தேடலாம் என்று 1998இல் கடோவாகியும் நிஷிமோரியும் எழுதினார்கள். கனடாவில் தொடங்கிய டி-வேவ் நிறுவனத்தின் இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் சிப் 15 மில்லிகெல்வின் அளவுக்குக் குளிரூட்டப்பட வேண்டும்.

குவாண்டம் சாயல் முறைகள் அதே காந்தக் கணக்கைச் சாதாரண சிலிக்கான் சிப்பில் தீர்க்கின்றன. ஹிட்டாச்சி 2015இல் சுமார் 20,000 காந்தங்கள் கொண்ட ஒரு சிமாஸ் சிப்பை (சாதாரணக் கணினிச் சிப் வகை) காட்டியது. ஃபுஜிட்சுவின் டிஜிட்டல் அனீலர் 2018இல் 8,192 பிட்டுக்கு உயர்ந்தது; இங்கே ஒரு பிட் என்பது ஒரு காந்தத்துக்குச் சமம். அதில் எல்லாப் பிட்டும் எல்லாப் பிட்டோடும் இணைந்திருக்கும். தோஷிபா 2019இல் வெளியிட்ட முறை எல்லா மாறிகளையும் ஒரே நேரத்தில் நகர்த்துவதால், பல கணக்கை ஒரே நேரத்தில் போடும் கிராபிக்ஸ் சிப்பான ஜிபியூவுக்கு நன்றாகப் பொருந்தும்.

இதே பெயரில் வேறு ஏதேதோ கட்டுரைகள் கிடைக்கின்றனவே?

ஆம், பெயர் ஒன்று, பொருள் பல. 2002இல் ஹான், கிம் இருவரும் தந்த பரிணாம அல்காரிதமும் இந்தப் பெயரில்தான் வழங்குகிறது. ஈவின் டாங் 2018இல் குவாண்டம் பரிந்துரை அல்காரிதம் ஒன்றைச் சாதாரணக் கணினிக்கு இறக்கிக் காட்டியதையும் அப்படியே அழைக்கிறார்கள். இந்தப் பக்கம் மேலே சொன்ன காந்தக் கணக்கு வகையை, அதாவது அனீலிங்கை, மட்டும் பேசுகிறது.

அனீலிங் எப்படி விடையைக் கண்டுபிடிக்கிறது? கையால் போட்டுப் பார்க்க ஒரு உதாரணம் கிடைக்குமா?

மாட்டுத்தாவணி மலர் சந்தையில் ஆறு மூட்டை பூ: 31, 24, 19, 16, 11, 9 கிலோ. இரண்டு வண்டிக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். மொத்தம் 110, ஆக ஆளுக்கு 55.

பெரியதை முதலில் எடுத்து, எந்த வண்டியில் பாரம் குறைவோ அதில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். 31 ஒன்றில், 24 மற்றதில். 19ஐ 24ஓடு சேர்த்தால் 43. 16 முதல் வண்டிக்கு, 47. 11 இரண்டாவதற்கு, 54. 9 முதலாவதற்கு, 56. வித்தியாசம் 2 கிலோ. வித்தியாசத்தின் வர்க்கத்தை ஆற்றல் என்று வைத்தால் இப்போது ஆற்றல் 4.

இனி எந்த ஒரு மூட்டையை மாற்றினாலும் நிலைமை மோசமாகத்தான் போகும். இருப்பதிலேயே சிறிய 9ஐ நகர்த்தினால் 47க்கு 63, வித்தியாசம் 16, ஆற்றல் 256. முன்னேறும் அடியை மட்டும் வைக்கிறவர் இங்கேயே நின்றுவிடுவார். ஆனால் சரியான விடை இருக்கிறது: 31ம் 24ம் ஒரு வண்டியில், மற்ற நான்கும் இன்னொன்றில். 55க்கு 55.

கொல்லன் இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவது போல, அனீலிங்கில் வெப்பம் என்று ஒரு எண்ணை உயரத்தில் தொடங்கி மெல்ல இறக்குகிறோம். மோசமான அடியையும் சில சமயம் ஏற்றுக்கொள்கிறோம். எவ்வளவு அடிக்கடி என்பதை ஆற்றல் உயர்வை வெப்பத்தால் வகுத்த எண் தீர்மானிக்கிறது; இந்த விதி 1953ஆம் ஆண்டின் மெட்ரோபாலிஸ் விதி. மேலே சொன்ன அடியில் உயர்வு 252. வெப்பம் 1000 என்றால் அந்த அடி 100க்கு 78 முறை ஏற்கப்படும். வெப்பம் 50 ஆனதும் 1000க்கு 6 முறைதான். சூட்டில் குழியை விட்டு ஏறி வெளியே வரும், ஆறும்போது நல்ல குழியில் தங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு வண்டிக்கு +1, மற்றதற்கு −1 என்று வைத்து ஆற்றலை விரித்தால் 31ம் 24ம் ஒரே வண்டியில் வருவதற்கு +1488 (2×31×24), பிரிந்தால் −1488. ஜோடிகளிலேயே மிகக் கடுமையாகத் தள்ளிக்கொள்வது இந்த இரண்டுதான். இருந்தும் சிறந்த விடையில் இரண்டும் ஒரே வண்டியில்தான் போகின்றன. ஜோடி ஜோடியாகப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதால்தான் இந்தக் கணக்கு கடினமாகிறது.

கியூபோ என்கிறார்களே, அது என்ன?

காந்தத்தின் +1, −1க்குப் பதில் 1, 0 என்று எழுதினால் கியூபோ. ‘ஆம்–இல்லை’ மாறிகள், அவற்றின் தனி எடைகள், ஜோடி எடைகள். வேறு எதுவும் கிடையாது. நிபந்தனை எழுதத் தனி இடமே இல்லாததால், விதிகளைத் தண்டனையாகக் கூட்டலுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

அடிக்கடி வரும் விதி ‘இவற்றில் சரியாக ஒன்று’. எல்லாப் பிட்டையும் கூட்டி, 1ஐக் கழித்து, வர்க்கம் எடுங்கள். விரித்தால் ஒவ்வொரு பிட்டுக்கும் −1, ஒவ்வொரு ஜோடிக்கும் +2, கடைசியில் மாறிலி 1. இந்த மாறிலியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடை மாறாது, ஆனால் ஆற்றல் உண்மையான கிலோமீட்டரோடு ஒத்துப்போகாமல் நின்று குழப்பும். கூட்டியே வையுங்கள்.

தண்டனை எண்ணை எவ்வளவு வைப்பது?

தவறுகளில் பெரும்பாதி இங்கேதான் நடக்கிறது, அதனால் நின்று பார்ப்போம்.

கடை வழியில் ‘இந்தக் கடை வரிசையில் இத்தனையாவது’ என்பது ஒரு பிட். விதிகள் இரண்டு: ஒவ்வொரு கடைக்கும் ஒரே இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒரே கடை. மதுரை நகருக்குள் பல கடைகள், திருமங்கலத்தில் ஒரு கடை, போக 20 கிலோமீட்டர், வர 20 என்று வையுங்கள். தண்டனை 5 என்றால் கணினி திருமங்கலத்தை விட்டுவிடும். கடை விதி ஒன்று, இட விதி ஒன்று, இரண்டும் உடைவதால் 10 கட்டுகிறது. 40 மிச்சம் பிடிக்கிறது. வெளியே வரும் மொத்த தூரம் பிரமாதமாக இருக்கும், திருமங்கலத்துக்குப் பூ போகாது.

ஒரு கடையை விட்டால் மிச்சமாவது அதிகபட்சம் இரண்டு தூரம், கட்ட வேண்டியது இரண்டு தண்டனை. ஆகவே பட்டியலில் உள்ள மிக நீண்ட தூரத்தைவிடத் தண்டனை கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். நீண்டது 22 என்றால் 23 வையுங்கள்.

‘பாதுகாப்புக்கு’ 10,000 வைத்தால் என்ன? விதி உடையாது, விடை மட்டமாகும். இரண்டு கடைகளை இடம் மாற்ற நான்கு பிட் திரும்ப வேண்டும். முதல் மூன்று திருப்பத்திலும் ஏதோ இரண்டு விதி உடைந்தே நிற்கும். அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் தண்டனையைப்போல் இரு மடங்கு உயரச் சுவர் ஏறி இறங்க வேண்டும். 23க்குச் சுவர் 46, 10,000க்கு 20,000. 300 மீட்டர் மிச்சத்தைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வெப்பம் இறங்கும்போது அந்தச் சுவரை யாரும் ஏற மாட்டார்கள். முதலில் கிடைத்த ஒழுங்கான வரிசையே கடைசி விடையாகிவிடும்.

வண்டிக்கு 800 கிலோதான் தாங்கும். ‘மிகக்கூடாது’ என்பதை எப்படி எழுதுவது?

மீதி இடத்துக்கென்று கூடுதல் பிட்டுகள் சேர்த்துச் சமன்பாடாக்க வேண்டும். கிலோ கிலோவாக எண்ணினால் 10 பிட்: 1, 2, 4 என்று 256 வரை ஒன்பது, கடைசியாக 289. ஐம்பது கிலோ மூட்டையாக எண்ணினால் 16 மூட்டைதான்; 1, 2, 4, 8, 1 என்று ஐந்து பிட் போதும். கடைசி எண்ணை 16 என்று வைத்துவிடாதீர்கள், கூட்டல் 31 ஆகி, மீதி இடம் 31 மூட்டை என்ற பொருளற்ற நிலைகளிலும் தேடிக்கொண்டிருக்கும். அலகைப் பெரிதாக்குவதால் பிட் குறைவதோடு, 289இன் வர்க்கம் போன்ற பெரிய எண்கள் மற்ற எடைகளை விழுங்குவதும் நிற்கும். மூட்டை எடையை மேல்நோக்கி முழுமையாக்குங்கள். கீழ்நோக்கி ஆக்கினால் பாரம் மிகுந்துவிடும்.

20 கடைக்கே கோடானுகோடி வழி உண்டு, சாதாரணக் கணினி திணறும் என்கிறார்களே?

வழிகளின் எண்ணிக்கை சரி. சந்தையில் புறப்பட்டு 20 கடை பார்த்துத் திரும்ப சுமார் 24,000 கோடி கோடி வரிசை. அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 1962இல் வந்த ஹெல்ட்–கார்ப் முறைக்கு 20 கடைக்குச் சுமார் 42 கோடி அடிகள் போதும். சாதாரண லேப்டாப்பில் நொடிக் கணக்கு, விடையும் சிறந்தது என்று உறுதி. கான்கார்ட் என்ற மென்பொருள் 85,900 புள்ளிகள் கொண்ட வழியையே 2006இல் உறுதியோடு தீர்த்துவிட்டது. வழிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டி யாராவது எதையாவது விற்றால் வாங்காதீர்கள்.

அப்படியானால் கடை வழிக்குக் கியூபோ வேண்டாமா?

எங்கள் கருத்தில் வேண்டாம். 20 கடைக்கு 400 பிட், 100 கடைக்கு 10,000 பிட்டும் சுமார் 20 லட்சம் ஜோடி எடையும். டி-வேவின் 5,000 கியூபிட் (குவாண்டம் பிட்) கொண்ட அட்வான்டேஜ் இயந்திரத்தில் ஒவ்வொரு கியூபிட்டுக்கும் 15 இணைப்புதான். எல்லாம் எல்லாவற்றோடும் இணையும் கணக்கு என்றால் 180 மாறியை ஒட்டி நின்றுவிடும். கடை வரிசையையே நேராக வைத்துக்கொண்டு, ஒரு துண்டைத் திருப்பிப் போடும் அடிகளோடு அனீலிங் செய்யுங்கள். ஒவ்வொரு அடியும் ஒழுங்கான வரிசையிலேயே முடியும். ஏற வேண்டிய சுவரே இல்லை. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள வழித்தட நிரலும் இலவசம்.

அல்காரிதத்தைவிடத் தூரப் பட்டியல் முக்கியம். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். செல்லூருக்கும் சிம்மக்கல்லுக்கும் நடுவே வைகை ஓடுகிறது. பாலத்துக்குப் போய்த்தான் கடக்க முடியும். சித்திரை வீதிகளில் வண்டி நுழையாது. ஒருவழிப் பாதையால் போகும் தூரமும் வரும் தூரமும் வேறாகும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவோடு ஓஎஸ்ஆர்எம் என்ற வழி தேடும் மென்பொருளைப் போட்டுச் சாலைத் தூரம் எடுங்கள். பிறகு வண்டி ஓட்டுகிறவரிடம் காட்டுங்கள்; காலை நாலரை மணிக்கு எந்தச் சந்து திறந்திருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

எதற்குத்தான் இது நன்றாக வரும்?

செலவே ஜோடிகளில் இருந்து, விதிகள் குறைவாக உள்ள கணக்குகளுக்கு. கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பும் புளியும் மிளகாய் வற்றலும் ஒரே பில்லில் சேர்ந்தே வருகின்றன. 600 பொருளை முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும், சேர்ந்து விற்பவை சேர்ந்தே இருக்க வேண்டும், இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிரம்ப வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே பிட், ‘சரியாக ஒன்று’ விதி எதுவும் இல்லை, ஜோடி எடை பழைய பில்களிலிருந்தே வருகிறது. அனீலிங்குக்காகவே பிறந்த கணக்கு.

இங்கே ஒரு பிழை வரும். உப்பும் சீனியும் எல்லாப் பில்லிலும் இருப்பதால் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வந்த பில் எண்ணிக்கையை, தற்செயலாகச் சேர்ந்தால் எத்தனை வந்திருக்குமோ அதைக் கழித்து எழுதுங்கள்.

கல்லூரித் தேர்வு அட்டவணை?

நடுத்தரம். 60 தாள், 20 வேளை என்றால் 1,200 பிட். ஒரு மாணவர் எழுத வேண்டிய இரண்டு தாள் ஒரே வேளையில் விழுந்தால் கடுந்தண்டனை, அடுத்தடுத்த வேளையில் விழுந்தால் சிறு தண்டனை. மோதல் பட்டியலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுப்பதுதான் வழக்கமான தவறு. மூன்றாம் செமஸ்டர் தாளையும் ஏழாம் செமஸ்டர் தாளையும் இணைப்பது அரியர் மாணவர்கள். தேர்வுக் கட்டணம் கட்டியவர்களின் பட்டியலை வைத்து எண்ணினால்தான் உண்மை மோதல் தெரியும். ஓஆர்-டூல்ஸில் விதிக் கணக்குகளுக்கென்று உள்ள சிபி-சாட் நிரலையும் பக்கத்தில் ஓட்டுங்கள். விதி மிகுந்த அட்டவணைகளில் பெரும்பாலும் அதுவே முந்தும்.

சுங்குடிச் சாயத்துக்குப் பயன்படுமா?

வரிசைக் கணக்காகப் பயன்படும். மஞ்சளுக்குப் பின் அரக்கு முக்கத் தொட்டியைக் கழுவும் வேலை குறைவு. அரக்குக்குப் பின் மஞ்சள் என்றால் நன்றாகக் கழுவியே ஆக வேண்டும். போக்கும் வரவும் வேறான கடை வழி மாதிரிதான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நிறம் என்றால் ஹெல்ட்–கார்ப் போதும்.

வைகைப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு?

தண்ணீர் அளவு ‘ஆம்–இல்லை’ அல்ல, தொடர்ந்து மாறும் எண். அப்படிப்பட்ட எண்களுக்கான லீனியர் ப்ரோகிராமிங் முறையே பொருத்தம்.

எந்தக் கணினி, எந்த மென்பொருள்? எப்படித் தொடங்குவது?

8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், பைத்தான். விதிகளை எழுத பைகியூபோ, தீர்க்க டி-வேவின் திறந்த மூலத் தொகுப்பில் உள்ள அனீலிங் நிரல் அல்லது ஓப்பன்ஜிஜே. கணக்கு உங்கள் கணினியிலேயே ஓடும். கிளவுட் அக்கவுண்ட் வேண்டாம்.

முதலில் ஆறு மூட்டைக் கணக்கைப் போடுங்கள். 64 அமைப்பையும் எண்ணிப் பார்த்து, மிகக் குறைந்த ஆற்றல் 0 என்றும் அது இரண்டு அமைப்பில் வருகிறது என்றும் சரிபாருங்கள். இரண்டும் ஒன்றே, வண்டிதான் இடம் மாறியது. அடுத்து உங்கள் உண்மைக் கணக்கில் பத்து பிட் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அதையும் முழுதாக எண்ணிப் பாருங்கள். கியூபோ எழுதியதில் பிழை இருந்தால் இங்கேயே பிடிபடும், ஆயிரம் பிட்டில் பிடிபடாது. டி-வேவ் நிரலின் இயல்பான அமைப்பில் ஸ்வீப் (எல்லாப் பிட்டையும் ஒரு சுற்று பார்ப்பது) 1000, ரீட்ஸ் (மொத்த ஓட்டங்கள்) 1; ரீட்ஸை 100 ஆக்குங்கள். வரும் ஒவ்வொரு விடையிலும் விதி உடைந்திருக்கிறதா என்று தனி நிரலால் பாருங்கள், ஆற்றலை மட்டும் நம்பாதீர்கள். 100இல் பாதிக்கு மேல் உடைந்திருந்தால் தண்டனையை ஒன்றரை மடங்காக்குங்கள். ஒன்றுகூட உடையாமல், விடைகள் ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடந்தால் தண்டனை அதிகம்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு விடை வருகிறது. பழுதா?

பழுதில்லை, சீட்டுக் குலுக்கல் போன்ற தேடல் இது. ஒரு ஓட்டத்தில் நல்ல விடை வர 100க்கு 5 வாய்ப்பு என்றால், 99 சதவீத உறுதிக்கு 90 ஓட்டம் வேண்டும், 0.95ஐ 90 முறை பெருக்கினால்தான் 0.01க்குக் கீழே வருகிறது. சீட் (seed) எனப்படும் குலுக்கலின் தொடக்க எண்ணைக் குறித்து வைத்தால் அதே விடையைத் திரும்பப் பெறலாம். எவ்வளவு ஓட்டினாலும் ‘இதைவிட நல்லது இல்லை’ என்று அனீலிங் சொல்லாது. அந்த உறுதி வேண்டுமென்றால் சிபி-சாட், ஹைஸ் போன்ற தீர்வான்களிடம் போங்கள். கையில் உள்ள விடை சிறந்ததிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற எல்லையையும் அவை தரும்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் எதோடு ஒப்பிடுவது?

விடை தெரிந்த கணக்குகளோடு. வழிக் கணக்குகளின் சோதனைத் தொகுப்பான டிஎஸ்பிலிப்பில் பர்மா14க்குச் சிறந்த நீளம் 3323, பெர்லின்52க்கு 7542. பர்மா14ஐ ஓர் ஊரை நிலையாக வைத்து எழுதினால் 169 பிட். வெட்டுக் கணக்குக்கு (கணுக்களை இரண்டாகப் பிரித்து, இடையே போகும் விளிம்புகளை அதிகமாக்குவது) ஜி1 என்ற சோதனை வலை: 800 கணு, 19,176 விளிம்பு, அறிந்த சிறந்த வெட்டு 11,624. ஒரே கணினி, ஒரே நேர வரம்பு, 30 சீட், நடு மதிப்பு. கியூபோ கட்டும் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். 10,000 பிட் என்றால் தீர்ப்பதைவிடக் கட்டுவதே அதிக நேரம் தின்னக்கூடும். எதிரே நிறுத்துவது வலுவான முறையாக இருக்கட்டும். தானே எழுதிய மெதுவான ஜெனடிக் அல்காரிதத்தை வென்றேன் என்றால் தேர்வாளருக்கு அது போதாது.

திருவிழா நாளில் போட்ட கணக்கு முழுதும் வீணாகிறதே?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி போகாது. தூரப் பட்டியலே வேறு. வழக்கமான நாள், முகூர்த்த நாள், சித்திரைத் திருவிழா நாள் என்று மூன்று பட்டியல் தயாராக வையுங்கள். அன்றன்று மாறுவது ஒன்றிரண்டு கடை மட்டும் என்றால் புதிதாகத் தொடங்க வேண்டாம். நேற்றைய வரிசையிலிருந்து, தொடக்க வெப்பத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஓட்டுங்கள். பழைய வரிசையின் நல்ல பாகம் அப்படியே நிற்கும், ஓட்டுநருக்கும் பழகிய வழி அதிகம் மாறாது. தடைபட்ட சாலைக்கு 9,99,999 என்று தூரம் எழுதாதீர்கள். கியூபோவாக எழுதியிருந்தால், தண்டனையைவிட அது பெரிதாகிவிடுவதால், கணினி விதியை உடைத்துக் கடையை விட்டுவிடக்கூடும். அந்தச் சாலையை நீக்கிவிட்டுச் சுற்றுவழித் தூரத்தை ஓஎஸ்ஆர்எம்மில் மறுபடி எடுத்து, புதிய நீண்ட தூரத்துக்கு ஏற்பத் தண்டனையையும் உயர்த்துங்கள்.